லிஸ்பனில் 1 கிராம், சிங்கப்பூரில் 15 கிராம்

சிங்கப்பூர் விமானத்தில் முன்பெல்லாம் ஒரு வெள்ளை அட்டையை நிரப்பச் சொல்வார்கள். பெயர், பாஸ்போர்ட் எண், தங்குமிடம் எல்லாம் எழுதும்போதே சிவப்பு எழுத்து கண்ணில் படும்: போதைப்பொருள் கடத்தினால் மரணம். அட்டை ஆன்லைனுக்குப் போய்விட்டது, சட்டம் அப்படியேதான் இருக்கிறது.

போதை ஒழிப்பு பற்றிய பேச்சில் ஒரு பக்கம் சிங்கப்பூரைக் காட்டுவார்கள், மறுபக்கம் போர்ச்சுகலை. ஒன்று கண்டிப்பான அப்பா, மற்றது செல்லம் கொடுக்கும் அம்மா என்பது போல. அது பாதிதான் சரி.

போர்ச்சுகலின் கதை 1990களில் சூடுபிடிக்கிறது. மக்களில் நூற்றுக்கு ஒருவர் ஹெராயினில் சிக்கியிருந்ததாகக் கணக்கு. தலைநகர் லிஸ்பனின் கசால் வென்டோசோ பகுதியில் பட்டப்பகலில் ஊசியும் பொட்டலமும் கைமாறின. ஜோவாவோ கௌலாவோ என்ற மருத்துவரும் இடம்பெற்ற நிபுணர் குழு ஒரு திட்டம் கொடுத்தது. அதன் வழியில் வந்த சட்டம் 2001 ஜூலையில் அமலானது. பலர் நினைப்பதுபோல் அங்கே போதைப்பொருள் சட்டபூர்வம் ஆகிவிடவில்லை. பத்து நாள் தேவைக்கு உட்பட்டு, அதாவது ஹெராயின் என்றால் 1 கிராம் வரை, கையில் வைத்திருந்தால் அது குற்றமாகாது, விதிமீறல் மட்டுமே. போலீஸ் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு ஆளை ஒரு குழுவிடம் அனுப்பும். அங்கே கறுப்பு அங்கி கிடையாது, கூண்டு கிடையாது. ஒரு மேசை, எதிரே மூன்று பேர். சட்டம் தெரிந்த ஒருவர் இருப்பார். மற்றவர்கள் மருத்துவம், உளவியல், சமூகப்பணி என்று ஏதாவது ஒரு துறையிலிருந்து வருவார்கள். "எப்போதிலிருந்து? வேலைக்குப் போகிறாயா?" என்கிற மாதிரி விசாரிப்பு. அடிமையாகாதவர் என்றால் பெரும்பாலும் வழக்கை நிறுத்திவைத்து அனுப்பிவிடுவார்கள். அடிமையானவருக்குச் சிகிச்சைக்கு வழி காட்டுவார்கள், ஆனால் கட்டாயப்படுத்த முடியாது.

சிங்கப்பூரிலும் பயன்படுத்துபவரை நேராகச் சிறைக்கு அனுப்புவதில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, வேறு குற்றம் செய்யாமல் போதை மட்டும் பயன்படுத்தியவர் மறுவாழ்வு மையத்துக்குப் போகிறார், குற்றப்பதிவும் இல்லை. ஆனால் அது பூட்டிய மையம். வெளியே வந்தபின் ஐந்து ஆண்டு வரை கண்காணிப்பு, குறித்த நாளில் சிறுநீர்ப் பரிசோதனை. குடிமகன் வெளிநாட்டில் இழுத்துவிட்டு வந்தாலும் சட்டம் விடாது.

உண்மையான பிளவு கடத்தலில்தான். போர்ச்சுகலில் கடத்தல்காரருக்குப் பொதுவாக 4 முதல் 12 ஆண்டு சிறை. சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் என்றால் தூக்கு. அந்த 15 கிராம் பொடியின் மொத்த எடை அல்ல, ஆய்வகத்தில் பிரித்தெடுத்துக் கணக்கிடும் தூய ஹெராயின். சர்க்கரை என்றால் நாலு டீஸ்பூன் வரும். 2 கிராமைத் தாண்டினாலே கடத்தத்தான் வைத்திருந்தாய் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது பிடிபட்டவர் பாடு.

2022 ஏப்ரலில் ஒரு மலேசியத் தமிழர் சிங்கப்பூரின் சாங்கி சிறையில் தூக்கிலிடப்பட்டார். 2009இல் பிடிபட்டபோது அவர் தொடையில் கட்டியிருந்த பொட்டலத்தில் 42.72 கிராம் ஹெராயின். நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) வெறும் 69 என்று வாதிடப்பட்டது, செய்வது என்னவென்று தெரிந்தே செய்தார் என்றது நீதிமன்றம். எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். வெறுமனே பொட்டலம் சுமந்தவர் கயிற்றிலிருந்து தப்ப 2013 முதல் ஒரு வழி உண்டு: கும்பலை முறியடிக்க உருப்படியான தகவல் தந்தார் என அரசுத் தரப்பு சான்று தரவேண்டும். சுமைகூலிக்கு முதலாளியின் பெயர்கூடத் தெரிந்திருக்காதே, எதைச் சொல்வார்?

சரி, போர்ச்சுகல் ஜெயித்துவிட்டதா? ஊசி வழி எச்.ஐ.வி. தொற்று ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் இருந்தது, சில பத்துகளாக இறங்கியது. ஆனால் அதைச் செய்தது சட்டம் மட்டுமல்ல. ஹெராயினுக்கு மாற்றாகத் தரும் மெத்தடோன் மருந்தோடு தெருவுக்கே வரும் வண்டி, ஊசி மாற்றிக் கொடுப்பது, சிகிச்சை மையம் எல்லாமே செலவு. 2012இல் நிதி நெருக்கடியில் இதற்கென இருந்த தனித் துறையைக் கலைத்துப் பணிகளைச் சிதறடித்தார்கள். 2023 வாக்கில் போர்ட்டோ நகரவாசிகள் வாசலில் ஊசி கிடக்கிறது என்று புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூர்த் தெருக்களில் அந்தக் காட்சி இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பயன்படுத்துபவர் விஷயத்தில் என் ஓட்டு லிஸ்பனின் அந்த மேசைக்கு, காசு ஒதுக்கினால். கடத்தலைப் பொறுத்தவரை போர்ச்சுகல் வரை போகவே வேண்டாம். கட்டாய மரண தண்டனையை மலேசியா 2023இல் நீக்கிவிட்டது. அதே பொட்டலத்தோடு ஜொகூரில் பிடிபட்டால் தூக்கா சிறையா என்று நீதிபதி யோசிக்க இடம் உண்டு. இரு நாட்டையும் இணைக்கும் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் பிடிபட்டால் பெரும்பாலும் அந்த அரசுத் தரப்புச் சான்றுக்குத்தான் காத்திருக்க வேண்டும். பாலத்தின் நீளம் சுமார் 1 கிலோமீட்டர்.