தெற்குக் கார் சேலா, ஊர் ஆளின் காரா? வன்னியில் பழைய கார் எடுக்கும்போது

வன்னியில் இருந்துகொண்டு பழைய கார் ஒன்று எடுக்க வெளிக்கிட்டால் பெரும்பாலும் இரண்டு வழிதான். கொழும்பு, நீர்கொழும்பு, குருநாகல் பக்கத்துக் கார் சேல்களுக்கு, அதாவது பழைய கார் விற்கும் இடங்களுக்கு, போய்ப் பார்க்கலாம். இல்லாவிட்டால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாவுக்குள் யாராவது விற்கினமோ என்று கராச்காரரிடமும் புரோக்கரிடமும் சொல்லிவைக்கலாம். நான் இரண்டு பக்கமும் பார்த்தேன். கடைசியில் புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வாத்தியாரிடம் இருந்த சுசுகி அல்டோ 800ஐத்தான் எடுத்தேன். ஆகவே நான் ஊர்க்காரின் பக்கம் நின்றுதான் எழுதுகிறேன்.

சேலில் தெரிவு அதிகம், தவணையில் காசு கட்டி எடுக்கும் லீசிங்கும் அங்கேயே முடியும். கார் கழுவிப் பளபளவென்று நிற்கும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த விசயம். ஊரில் அப்படியில்லை, ஒரு நல்ல கார் வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியும் வரலாம். அவசரமாகக் கார் தேவைப்படுகிறவருக்கு என் வழி ஒத்துவராது.

என்னை முடிவெடுக்க வைத்தது காரின் புத்தகம், அதாவது பதிவுச் சான்றிதழ். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. ஏறக்குறைய ஐந்து வருடம் புதிதாக ஒன்றும் வராததால் உள்ளே இருந்த கார்களே கைக்குக் கை மாறின. கார் மாறிய அளவுக்குப் புத்தகத்தில் பெயர் மாறவில்லை. விற்கிறவர் எம்.ரி.ஏ. 8 படிவத்தில் கையெழுத்து வைத்து மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும், வாங்குகிறவர் எம்.ரி.ஏ. 6 நிரப்பி 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். சட்டம் இதுதான். நடப்பில், பழைய உரிமையாளரிடம் கையெழுத்தை மட்டும் வாங்கித் திகதியும் வாங்குபவர் பெயரும் போடாமல் வைத்துக்கொண்டு அடுத்தவருக்கு விற்பார்கள். இதைத்தான் ஓப்பின் பேப்பர் என்கிறார்கள்.

குருநாகல் பக்கம் ஒரு சேலில் ரொயோட்டா அக்குவா ஒன்று எனக்குப் பிடித்துப் போனது. புத்தகத்தை வாங்கிப் பார்த்தால், அதில் இருந்த பெயர் சேல்காரருடையதும் இல்லை, அவருக்கு விற்றவருடையதும் இல்லை. “பிரச்சினை இல்லை அண்ணா, எல்லாரும் இப்படித்தான் எடுக்கிறாங்க” என்றார் அங்கே நின்ற தம்பி. எல்லாரும் அப்படி எடுப்பது உண்மைதான். ஆனால் அந்தப் பெயர்க்காரர் இறந்துவிட்டாலோ வெளிநாடு போய்விட்டாலோ, கையெழுத்துப் பிழை என்று படிவம் திரும்பி வந்தால் யாரிடம் போய் நிற்பது? விபத்து நடந்து காப்புறுதிக்குப் போனால், புத்தகத்தில் இருக்கும் பெயர் யாருடையது என்றுதான் முதலில் கேட்பார்கள். வவுனியாவிலிருந்து கொழும்பே ஏறத்தாழ 250 கிலோமீற்றர். ஒரு கையெழுத்துக்காக அவ்வளவு தூரம் அலைகிறதற்குக் கூலிவேலை செய்கிறவருக்கும் முடியாது, கடை வைத்திருக்கிறவருக்கும் முடியாது.

ஊரிலும் இதே சிக்கல் வேறு முகத்தோடு வரும். கார் இங்கே நிற்கும், புத்தகத்துக்காரர் கனடாவிலோ பிரான்சிலோ இருப்பார், மச்சானோ தம்பியோ விற்பார். அப்படியென்றால் அவர் சார்பில் செயற்பட எழுதிக் கொடுத்த அற்றோணித் தத்துவம் இருக்கிறதா, அதில் வாகனத்தை விற்கும் அதிகாரம் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று ஒரு சட்டத்தரணியிடம் காட்டிவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். இன்னொன்று, புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கட்டி முடித்ததற்கான விடுவிப்புக் கடிதம் கையில் வரும்வரை ஒரு சதமும் கொடுக்கக் கூடாது. “நாளைக்கு எடுத்துத் தாறன்” என்று யார் சொன்னாலும் சரி, நாளைக்கே காசையும் கொடுக்கலாம்.

வாத்தியாரின் காரில் புத்தகத்தில் இருந்த பெயரும் அவரது அடையாள அட்டைப் பெயரும் ஒன்று. எனக்கு அதுவே பாதி நிம்மதி. மிச்சத்தைக் கராச்காரர் தந்தார். அந்தக் காருக்கு அவரே சேர்விஸ் செய்து வந்தவர், ரைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதைக் கொப்பியைப் புரட்டிக் காட்டினார். கார் பரந்தன் முல்லைத்தீவு வீதியில் எவ்வளவு ஓடியது, உள்ளே கிரவல் ரோட்டில் எவ்வளவு ஓடியது என்பதும் அவருக்குத் தெரியும். சேலில் மீற்றரைத் தவிர இதைச் சொல்ல ஆளில்லை. மீற்றரைத் திருப்பி வைக்கலாம் என்பதோ ஊரறிந்தது.

2025 நவம்பர் டித்வா புயலுக்குப் பிறகு எங்கே எடுத்தாலும் வெள்ளம் பார்க்க வேண்டும். சீற் பெல்டை முடியுமட்டும் வெளியே இழுங்கள். வழக்கமாக உள்ளே சுருண்டு கிடக்கும் அந்தக் கடைசி முழத்தைக் கழுவ யாருக்கும் நினைவு வராது. சேறு ஏறியிருந்தால் அதில் மண்ணிறக் கோடு ஒன்று கிடக்கும். பிறகு கால்விரிப்பைத் தூக்கி மணந்து பாருங்கள். ஊர்க்காரில் இதற்கும் அயலவர் சாட்சி உண்டு, வளவுக்குள் தண்ணீர் வந்ததா இல்லையா என்று பக்கத்து வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

பேரம் இரண்டு இடத்திலும் வேறுவேறு. சேலில் சொல்லும் விலைக்குள் அவர்களது கொமிசனும் பொலிஷும் சேர்ந்திருக்கும், ஆகவே கூசாமல் குறைத்துக் கேட்கலாம். “புது ரயர் போட்டுத் தாறம், பெயர் மாற்றித் தாறம்” என்று வேறு சாமானில் கதையைத் திருப்புவார்கள். அதை விட்டுவிட்டு மொத்தக் காசையே பேசுங்கள். கையில் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் வாய்விட வேண்டாம். ஊரில் சும்மா ஒரு லட்சம் குறையுங்கோ என்றால் மனுசர் மனம் நோவார், பிறகு முகம் பார்க்கவும் வேண்டும். காரணத்தோடு கேட்டால் குறைப்பார்கள். வாத்தியாரின் காரில் நாலு ரயரிலும் 3117 என்று அச்சிட்டிருந்தது. 2017ஆம் ஆண்டின் 31ஆவது கிழமை செய்தது என்று அர்த்தம். ரயரின் மேல்வரிகளான பூ தேயவில்லை, ஆனால் பக்கச்சுவரில் மயிரிழை போல வெடிப்பு. குனிந்து காட்டினேன். அவரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, நாலு ரயரின் காசைக் கழித்துவிட்டார்.

அக்குவாவை விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது பெற்றோலோடு மின்சாரத்திலும் ஓடும் ஹைபிரிட் கார். அதன் ஹைபிரிட் பற்றரி பின்சீற்றுக்குக் கீழே இருக்கிறது, ஒரு சிறிய காற்றாடிதான் அதைக் குளிர்த்துகிறது. எங்கள் செம்மண் தூசி அந்தக் காற்று வழியை அடைத்தால் பற்றரி சூடேறும். ஒழுங்காகத் துப்புரவாக்கி நல்லாக ஓடுகிறவர்கள் வவுனியாவில் இருக்கிறார்கள். நான் ஹைபிரிட் வைத்து ஓடியவன் இல்லை, ஆகவே இதை ஒரு பயம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் கைக்காசில் எடுத்தேன், லீசிங் போட்டு எடுக்கிறவருக்குக் கணக்கு வேறாக வரலாம். லீசிங் கம்பனி தன்னை முழு உரிமையாளராகப் பதியாமல் காசை விடாது, ஆகவே பெயர் மாற்றம் தானாகவே நடந்துவிடும். அப்படிப்பட்டவருக்குச் சேலில் எடுப்பதில் நான் சொன்ன புத்தகப் பயம் பெரிதாக இல்லை. வட்டியையும் மாதத் தவணையையும் நெல் விற்கும் மாதத்தோடு பொருத்திப் பார்ப்பதுதான் அவருக்குப் பெரிய வேலை.