பிப்பெட் வாங்கும் கெமிஸ்ட்ரி ஆசிரியர்கள் கவனத்துக்கு

பிளஸ் டூ பிராக்டிகலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது எங்கள் பள்ளி லேபுக்குப் பன்னிரண்டு பிப்பெட் (குறித்த அளவு திரவத்தை உறிஞ்சி இறக்கும் கண்ணாடிக் குழாய்) வாங்கினேன். 20 மி.லி., ‘ஏ கிளாஸ்’, அதாவது துல்லியம் கூடிய தரம் என்று கண்ணாடியிலேயே அச்சிட்டிருந்தது. சான்றிதழும் தந்தார்கள். நம்பிப் பணத்தைக் கட்டினேன்.

மாதிரித் தேர்வில் ஒரு மாணவி முதல் டைட்ரேஷனை (பிப்பெட்டில் அளந்த கரைசலில் இன்னொரு கரைசலை நிறம் மாறும்வரை சொட்டுச் சொட்டாக விட்டு, எவ்வளவு செலவானது என்று பார்க்கும் சோதனை) பழைய பிப்பெட்டில் முடித்தாள். சொட்டுவிடும் பெர்மாங்கனேட் கரைசல் சரியாக 20.0 மி.லி. இறங்கியது. அதற்குள் பிப்பெட்டின் நுனி உடைந்துவிட, புதியதில் ஒன்றைக் கொடுத்தேன். இரண்டாவது டைட்ரேஷனில் 19.5, மறுபடியும் 19.5. வெளிர் இளஞ்சிவப்பு வந்ததும் சட்டென்று நிறுத்திய கை அது. நானோ விடை இரண்டரை சதவீதம் குறைகிறதென்று மதிப்பெண்ணைக் குறைத்தேன். “மிஸ், ரெண்டு தடவையும் ஒரே ரீடிங்தானே வந்துச்சு” என்று கண்கலங்கி நின்றாள்.

அன்று மாலை தராசை எடுத்தேன். 28 டிகிரியில் 20 மி.லி. தண்ணீர் ஏறக்குறைய 19.9 கிராம் இருக்க வேண்டும். அந்தப் பிப்பெட் இறக்கியது 19.4 கிராம். அரை மி.லி. குறைவு! ஏ கிளாஸில் 0.03 மி.லி.க்கு மேல் பிசகவே கூடாது. பன்னிரண்டில் ஏழு இப்படித்தான். சான்றிதழை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். பன்னிரண்டுக்கும் சேர்த்து ஒரே வரிசை எண். அதுவும் எந்தப் பிப்பெட்டிலும் இல்லை.

இரண்டு டைட்ரேஷன் ரீடிங்கின் விகிதத்தில்தான் விடை வருகிறது. அதனால் இரண்டுக்கும் ஒரே பிப்பெட் என்றால் கணக்கில் இந்தப் பிழை அடிபட்டுப் போய்விடும், யாருக்கும் தெரியாது. நடுவில் மாற்றினால்தான் பிள்ளை மாட்டிக்கொள்கிறது. ரீடிங் ஒத்துப்போவது கையின் நிதானத்தைத்தான் காட்டும், பிப்பெட்டின் அளவை அல்ல. இது தெரிந்த நானே அவளைச் சந்தேகப்பட்டதுதான் இன்னும் வலிக்கிறது.

கடையில் கேட்டால் “கண்ணாடி ஐட்டம் ரிட்டர்ன் கிடையாது மேடம், பசங்க ஒழுங்கா உறிஞ்சியிருக்க மாட்டாங்க” என்றார்கள். எடைக் கணக்கைக் காட்டியும் பலனில்லை.

வாங்கியவர்கள் தேர்வுக்கு முன் ஒவ்வொன்றையும் எடை போட்டுவிடுங்கள். 0.01 கிராம் காட்டும் தராசு போதும். நுனியைப் பாத்திரத்தின் சுவரில் தொட்டு வடியவிடுங்கள். கடைசிச் சொட்டை ஊதித் தள்ள வேண்டாம். பியூரெட்டையும் (டைட்ரேஷனில் கரைசலைச் சொட்டுவிடும், அடியில் திருகு உள்ள குழாய்) பூஜ்யம் வரை நிரப்பிப் பத்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள். அதே கடையில் வாங்கிய ஒன்று 0.4 மி.லி. ஒழுகியது.

மாணவியின் மதிப்பெண்ணைத் திருத்திவிட்டேன். அந்த ஏழு பிப்பெட்டும் பில்லோடு அலமாரியில் இருக்கின்றன. நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.