ஓசூரில் ஏர் ரைஃபிளை ‘டியூன்’ செய்யக் கொடுக்க நினைப்பவர்கள் கவனத்திற்கு

நாங்கள் கிருஷ்ணகிரியில் வசிக்கிறோம். என் மகள் இரண்டரை ஆண்டுகளாகப் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கி) பிரிவில் பயிற்சி எடுத்து வருகிறாள். ஏர் ரைஃபிள் பழுது பார்ப்பதாகவும், அதில் போட்டுச் சுடும் சிறு ஈயக் குண்டான பெல்லட்டை விற்பதாகவும் சொல்லிக்கொள்ளும் ஓசூர்க்காரர் ஒருவரிடம் கடந்த மார்ச் மாதம் 14,200 ரூபாயை இழந்தோம். போட்டிக்கு முன் கையில் இருந்த ஐந்து வாரப் பயிற்சியும் அதனோடு வீணாயிற்று. புகார் நிலுவையில் இருப்பதால் அவர் பெயரைக் குறிப்பிடவில்லை. ஆனால் அவர் கையாண்ட முறையை விரிவாகச் சொன்னால்தான் அடுத்தவர் அதே பேச்சைக் கேட்கும்போது அடையாளம் கண்டுகொள்ள முடியும்.

மகளின் மதிப்பெண் அறுபது சுடுதலுக்கு 604ஐ ஒட்டியே பல மாதங்கள் நின்றுவிட்டது. ஒரு சுடுதலுக்கு அதிகபட்சம் 10.9 என்பதால் இதற்கு முழு மதிப்பெண் 654. பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான் என்பதால், இந்தக் கட்டத்தில் பிழை கையில் இருக்கிறதா, துப்பாக்கியில் இருக்கிறதா என்ற ஐயம் எல்லாப் பெற்றோருக்கும் வரும். அந்த ஐயத்தோடுதான் ஓசூருக்குப் போனோம்.

அவர் முதலில் காட்டியவை அமெரிக்க வேட்டைக்காரர்கள் தோட்டாக்களைத் தாங்களே கட்டும் காணொளிகள். அங்கே பித்தளை உறையைச் சீர்படுத்தி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, குண்டு எவ்வளவு ஆழத்தில் உட்கார வேண்டும் என்பதை மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்து, நெடுந்தொலைவிலும் குண்டுகள் ஒரே இடத்தில் விழும்படி செய்வார்கள். அது உண்மையான கலை. அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. “அதையேதான் சார் நான் உங்கள் பேரலுக்கு (துப்பாக்கிக் குழலுக்கு) செய்து தரப்போகிறேன்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் நான் விழுந்தேன். ஏர் ரைஃபிளில் உறையும் கிடையாது, மருந்தும் கிடையாது. அடைத்து வைத்த காற்றின் ஒரு சிறு பங்கு ஈயப் பெல்லட்டைத் தள்ளுகிறது, அவ்வளவே. அங்கே பத்து இடங்களில் செய்யும் திருத்தத்தை இங்கே செய்ய இடமே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அவர் மூன்று வேலைகளை ஒரே நாளில் செய்தார். பேரலைக் கழற்றி ஏதோ எண்ணெய் விட்டுத் துடைத்தார். காற்றைத் திறந்துவிடும் சுத்தியலைத் தள்ளும் ஹேமர் ஸ்பிரிங்கை இறுக்கி, பெல்லட்டின் வேகத்தைக் கூட்டினார். ‘தலை அளவு 4.50, பேரலுக்கென்றே பிரித்தெடுத்தது’ என்று (தலை அளவு என்பது பெல்லட்டின் முன்பகுதி விட்டம், மில்லிமீட்டரில்) ஸ்டிக்கர் ஒட்டிய பெல்லட் டப்பாக்கள் ஆறு கொடுத்தார். டப்பா ஒன்று 1,450 ரூபாய்; வேலைக்கூலி 5,500. ரசீது கேட்டதற்கு ஒரு துண்டுத் தாளில் மொத்தத் தொகையை மட்டும் எழுதித் தந்தார். தோட்டாவைத் தாமே கட்டும் அந்த வேட்டைக்காரர்களின் முதல் விதியே, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சுட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான். மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அவருக்கும் அதுவே வசதியாக இருந்தது: பிறகு நான் முறையிட்ட ஒவ்வொரு முறையும் பழியை மற்றொன்றின் மேல் போட முடிந்தது.

முதல் வாரத்திலேயே மதிப்பெண் 588க்கு இறங்கியது. புதிய வேகத்துக்குக் கை பழக வேண்டும் என்றார். இரண்டாவது வாரம், பேரல் ‘செட்’ ஆக இன்னும் ஐந்நூறு பெல்லட் சுட வேண்டும் என்றார். மூன்றாவது வாரம் தொலைபேசியை எடுக்கவில்லை.

நான்காவது வாரம் பயிற்சியாளர் துப்பாக்கியை மணல் மூட்டையின் மேல் வைத்து, வேகமானியின் வழியாகச் சுட வைத்தார். முன்பு நொடிக்கு 172 மீட்டரை ஒட்டி, இரண்டு மீட்டர் வித்தியாசத்துக்குள் நின்ற வேகம், இப்போது 198க்கும் 213க்கும் இடையே அலைந்தது. பத்து மீட்டர் தொலைவைப் பெல்லட் கடக்கும் நேரத்தில் புவியீர்ப்பால் அது சற்றே தாழும். வேகம் மாறினால் தாழும் அளவும் மாறும். கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த அலைச்சல் ஒன்றே மேலும் கீழுமாக ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் தருகிறது. அரை மில்லிமீட்டர்ப் புள்ளியைக் குறிவைக்கும் பிள்ளைக்கு இது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. பத்து மீட்டர்ப் பந்தயத்தில் கூடுதல் வேகத்தால் எந்தப் பயனும் இல்லை. சிலிண்டர்க் காற்றுதான் சீக்கிரம் தீரும்.

பெல்லட் விஷயம் இதைவிட மோசம். பழையபேட்டையில் நகைக்கடை வைத்திருக்கும் நண்பரிடம் போய், அவருடைய மில்லிகிராம் தராசில் ஐம்பது பெல்லட்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்தோம். தங்கம் நிறுக்கும் தட்டில் ஈயத்தை வைத்ததற்காக அவருக்கு இன்றும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எங்களிடம் மீந்திருந்த பழைய டப்பாவில் எடை 0.528 கிராமுக்கும் 0.534 கிராமுக்கும் இடையே இருந்தது. ஓசூர்க்காரர் ‘பிரித்தெடுத்துக்’ கொடுத்ததில் 0.498 முதல் 0.561 வரை இருந்தது. பல பெல்லட்டுகளின் பாவாடைப் பகுதி, அதாவது காற்றின் அழுத்தத்தில் விரிந்து பேரலின் உட்புற வரிகளைப் பற்ற வேண்டிய பின்புற விளிம்பு, நசுங்கிக் கிடந்தது. சிலவற்றின் மேல் வெள்ளைப் பூச்சு படிந்திருந்தது. மகள் ஒரு டப்பாவின் ஸ்டிக்கரை ஈரத்துணியால் ஊறவைத்து உரித்தபோது, அடியில் வேறொரு தலை அளவு அச்சிடப்பட்டிருந்தது. பழைய டப்பாக்களில் கண்ட கண்ட சரக்கைக் கலந்து நிரப்பியிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஆறில் இரண்டு டப்பாக்களில் இருந்தவை கூர்முனைப் பெல்லட்டுகள். ‘லாங் ரேஞ்ச் ஹன்டிங்’ தரம், துல்லியம் கூடுதல் என்று அவற்றைக் கொடுத்திருந்தார். போட்டிக்குத் தட்டைத் தலைப் பெல்லட்டைப் பயன்படுத்துவது அழகுக்காக அல்ல. அது காகிதத்தில் வட்டமான துளையை வெட்டும். கூர்முனை காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போகும். துளையின் விளிம்பு எங்கே என்று அளவுகோலை வைத்தாலும் தெரியாது. எங்கள் ஊரில் மாம்பழம் வாங்கும்போது ஒன்றை அறுத்துப் பார்த்த பிறகே கூடையைத் தூக்குவோம். ஆறு டப்பாவைத் திறந்துகூடப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு வந்தவன் நான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கிளம்பும்போது, 5.5 மில்லிமீட்டர் பேரல் மாற்றித் தருவதாகவும், தேன்கனிக்கோட்டைப் பக்கம் நிலம் இருந்தால் காட்டுப்பன்றிக்கும் ஆகும் என்றும், உரிமம் எதுவும் வேண்டாம் என்றும் சொன்னார். இது அப்பட்டமான பொய். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துளையுள்ள ஏர் ரைஃபிளுக்கும், 20 ஜூலுக்கு மேல் ஆற்றல் உள்ளதற்கும் உரிமம் வேண்டும். அனுமதியின்றிக் காட்டு விலங்கைச் சுடுவது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அவர் பேச்சை நம்பிப் பேரலை மாற்றிக்கொள்கிறவர் இழப்பது பணத்தை மட்டுமல்ல, வழக்கிலும் சிக்குவார்.

ஸ்பிரிங்கைப் பழைய நிலைக்குத் தளர்த்த வேறொரு ஊரில் 1,800 ரூபாய் ஆயிற்று. பழைய டப்பாவில் மீதம் இருந்த பெல்லட்டுகளைக் கொண்டு சுட்டபோது ஐந்து துளைகளும் மறுபடி ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தன. பேரலில் கோளாறு ஒருநாளும் இருந்ததில்லை. போட்டி மட்டும் முடிந்துவிட்டது.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுத்திருக்கிறோம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பரிவர்த்தனைக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். முறையான ரசீது இல்லாததால், பணம் அனுப்பிய யுபிஐ பதிவையும் அவருடைய வாட்ஸ்அப் செய்திகளையும் இணைத்திருக்கிறோம். பிரிக்காத மூன்று டப்பாக்கள், ஸ்டிக்கருடன், அப்படியே அலமாரியில் இருக்கின்றன. அவரிடம் இதேபோல் ஸ்டிக்கர் ஒட்டிய டப்பாவை வாங்கியவர்கள் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து, எனக்குத் தனிச் செய்தியில் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.