ஆபரேஷனுக்குக் காத்திருந்த 11 மாதங்களில் வீட்டில் மூன்று மெஷின்கள்

எனக்கு இதயத்தில் இருக்கும் மைட்ரல் வால்வில் கசிவு. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று சொல்லி 11 மாதம் ஆகிறது. முதல் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் காய்ச்சல் வந்து தள்ளிப்போனது. இரண்டாவது முறை பையெல்லாம் கட்டி வைத்த பிறகு, ஐசியூவில் படுக்கை இல்லை என்று போன் வந்தது. இந்த இடைவெளியில் தினமும் கையாண்டவை மூன்று: எடை மெஷின், பிபி மெஷின், ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும், விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர். எந்தக் கம்பெனியுடையது என்பது இங்கே முக்கியமில்லை. எதை எப்போது பார்க்க வேண்டும், எதைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று புரியத்தான் எனக்குப் பாதி வருடம் பிடித்தது.

முதலில் எடை மெஷின். டாக்டர் தினமும் எடை பார்க்கச் சொன்னபோது, "நான் என்ன குண்டாகவா இருக்கிறேன்?" என்றுதான் தோன்றியது. விஷயம் கொழுப்பு இல்லை, தண்ணீர். வால்வு கசிந்தால் இதயம் தள்ளும் ரத்தத்தில் ஒரு பங்கு திரும்பி வந்துவிடுகிறது. முன்னால் போகும் ரத்தம் குறைந்ததும் சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கத் தொடங்குகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கால் வீங்கி நமக்குத் தெரிவதற்கு முன்பே அது எடையில் ஏறிவிடும். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் போன் செய்யச் சொல்லியிருந்தார்கள்.

ஐந்தாவது மாதத்தில் அது நடந்தது. 63.4, 64.1, 65.0, 65.6. உடம்பு நன்றாகத்தான் இருந்தது. மெஷின் கெட்டுவிட்டது என்று பேட்டரியை மாற்றினேன், அதே 65.6. அப்புறம் சாக்ஸைக் கழற்றிப் பார்த்தால், ரப்பர் பதிந்த தடம் வழக்கத்தைவிட ஆழம். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது. போன் செய்தேன், நீர் பிரிய வைக்கும் மாத்திரையைச் சில நாள் கூட்டிக் கொடுத்தார்கள், ரத்தத்தில் பொட்டாசியமும் பார்க்கச் சொன்னார்கள். ஒரு வாரத்தில் 63.6. அட்மிஷன் இல்லாமல் தப்பித்தேன். (மாத்திரையை நாமாகக் கூட்டக் கூடாது, எனக்கும் கை துறுதுறுத்தது, அதனால் சொல்கிறேன்.)

வழக்கம் இதுதான்: காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, எதுவும் சாப்பிடும் முன், அதே மாதிரி உடையில். மெஷின் கெட்டித் தரையில் இருக்க வேண்டும். கால்மிதி மேல் வைத்துப் பார்த்த ஒரு வாரத்துக் கணக்கை அடித்துவிட்டேன்.

பிபி மெஷின் முதல் நாளே பயமுறுத்தியது. 168/98. பதறிப்போய் டாக்டரிடம் ஓடினேன். அங்கே 126/78. "எப்படிப் பார்த்தீங்க, காட்டுங்க" என்றார். காட்டினேன். சட்டைக் கை மேலேயே பட்டையைச் சுற்றி, கால் மேல் கால் போட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் பேசிக்கொண்டே. அவர் சிரிக்கவில்லை என்பதே பெரிய விஷயம். போதாததற்கு என் புஜத்துக்கு அந்தப் பட்டை சின்னது. பட்டை சின்னதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். பெரிய பட்டை தனியாக வாங்கினேன். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கை இதய மட்டத்தில் இருக்க, வாயை மூடிக்கொண்டு பார்த்தால் ஒழுங்காக வருகிறது. வீட்டு அளவில் 135/85 என்பதே அதிகம் என்றும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஆஸ்பத்திரியில் சொல்லும் 140/90 கணக்கு இங்கே செல்லாது.

இன்னொரு சிக்கல், என் துடிப்பு சீரானதல்ல. டாக்டர்கள் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கும் முறையை கொரோட்காஃப் என்ற ரஷ்ய மருத்துவர் 1905இல் சொன்னார். வீட்டு மெஷின் எதையும் கேட்பதில்லை, பட்டைக்குள் காற்று அதிர்வதை வைத்துக் கணக்குப் போடுகிறது. துடிப்பு தாறுமாறாக இருந்தால் கணக்கும் ஆடும். அதனால் மூன்று முறை பார்த்துச் சராசரி எழுதுகிறேன். நாடித் துடிப்புக்கு மட்டும் மெஷினை நம்பாமல், மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணுகிறேன்.

ஆக்ஸிமீட்டர்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு முழிப்பு வந்து மாட்டிப் பார்த்தால் 88 சதவீதம்தான். என் மனைவியை எழுப்பினேன். அவள் மெஷினைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்தாள். "இப்ப மூச்சு வாங்குதாங்க?" இல்லை. "கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு?" தேய்த்துவிட்டாள். 96. சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியாகப் பாய்ச்சித்தான் அது அளக்கிறது. விரலில் ரத்த ஓட்டம் குறைந்தாலும், கை ஆடினாலும், நகத்தில் பாலிஷ் இருந்தாலும் எண் தப்பும். எதிர்ப்பக்கமும் தப்பும்: 2020இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், உண்மையில் ஆக்ஸிஜன் குறைந்திருந்தும் இந்தக் கருவி கண்டுபிடிக்காமல் விட்டது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம். என்னைப் போன்ற கறுத்த தோல்காரர்கள் 95ஐப் பார்த்து நிம்மதியாகப் படுத்துவிடவும் முடியாது என்று அர்த்தம். மூச்சு வாங்கினால் எண் என்ன சொன்னாலும் ஆஸ்பத்திரிதான்.

ஒரு கட்டத்தில் நாளுக்கு இருபது தடவை மாட்டிக்கொண்டிருந்தேன். மகள் எடுத்துத் தன் அலமாரியில் பூட்டினாள். "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. நடுவுல வேணும்னா என்கிட்ட காரணம் சொல்லுங்கப்பா." ஒரு வாரம் கோபம். அப்புறம் சாவியைக் கேட்கவே இல்லை.

மூன்றாவது தேதி இப்போது வந்திருக்கிறது. பல்லெல்லாம் காட்டி முடித்தாயிற்று. வாயில் உள்ள கிருமி ரத்தம் வழியே போய் வால்வில் உட்காராமல் இருக்க இது அவசியமாம். மயக்க மருந்து டாக்டரிடம் 11 மாத நோட்டை நீட்டினேன். பிபி பக்கங்களை வேகமாகத் தள்ளினார், எடைப் பக்கத்தில் நின்றார், 65.6ஐ விரலால் தொட்டு என்ன நடந்தது என்று கேட்டார். ஆக்ஸிஜன் பக்கத்தைத் திறக்கவே இல்லை. நோட்டை மூடிவிட்டு, "ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீங்க?" என்றார்.

நுரையீரலில் நீர் கோத்தால் தட்டையாகப் படுக்கும்போது மூச்சு முட்டும், தலையணை கூடும், அதனால்தான் அந்தக் கேள்வி. அதற்கு என்னிடம் மெஷினும் இல்லை, எழுதியும் வைக்கவில்லை. அன்றிலிருந்து எடைக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். போன வாரம் முழுக்க இரண்டு. நேற்று மூன்று, காலையில் போன் செய்துவிட்டேன்.