மின்வேதியியல் செல்லுக்குக் கவசம்: ஆயத்த ஸ்டாண்டா, நாமே செய்த பெட்டியா?

மின்வேதியியல் செல் என்பது மின்வாய்களைக் கரைசலில் வைத்து அளக்கும் கலம்; வெளி மின்குறுக்கீடு அளவீட்டில் கலக்காதபடி அதைச் சுற்றி உலோகக் கவசம் வேண்டும். கலக்கி, நைட்ரஜன் குழாய், கதவுள்ள உலோகக் கூண்டு எல்லாம் ஒன்றாக இணைந்து வரும் ஆயத்த செல் ஸ்டாண்டைச் சில காலம் பயன்படுத்திவிட்டு, அதை ஓரமாக வைத்து, அலுமினியத் தகட்டில் நானே ஒரு பெட்டி செய்துகொண்டேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பது முதலிலேயே தெரிந்துவிடும்.

மின் இரைச்சலைத் (அந்தக் குறுக்கீட்டை) தடுப்பதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டுமே மின்புலத்தை நன்றாக மறைக்கும். மின்வழங்கலின் காந்தப்புலத்தை இரண்டுமே மறைக்காது. 50 ஹெர்ட்ஸில் காந்தப்புலம் அலுமினியத்துக்குள் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் ஊடுருவும் என்பதால், 2 மில்லிமீட்டர் தகட்டை நம்புவதைவிட மின்மாற்றியைத் தள்ளி வைப்பதே வழி.

ஆயத்த ஸ்டாண்டின் உண்மையான பலம் தானியக்கம். முதலில் கலக்கி ஓட வேண்டும், பிறகு நிற்க வேண்டும், கரைசல் அடங்கிய பின்னரே அளவீடு தொடங்க வேண்டும் என்னும் ஸ்ட்ரிப்பிங் வகைச் சோதனைகளில் (மின்வாயில் படியவைத்த பொருளை மீண்டும் கரைத்து அளப்பவை), மென்பொருளே நேரம் பார்த்துக்கொள்வது பெரிய நிம்மதி.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு, அதிலும் குறிப்பாகக் கதவுக்கும் உடலுக்கும் இடையிலான மின்தொடர்பு. குளோரைடு கரைசலின் தெறிப்பும் அமில ஆவியும் மெல்ல மெல்ல விளிம்புகளை அரிக்க, கதவு மூடியபடியே இருந்தாலும் மின்சாரத்தைப் பொறுத்தவரை அது பாதி திறந்த கதவாகிவிடுகிறது. அப்போது, நொடிக்கு 50 மில்லிவோல்ட் வேகத்தில் எடுத்த சைக்ளிக் வோல்டமோகிராமில் (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை வரையும் வரைபடத்தில்) மின்வழங்கலின் 50 ஹெர்ட்ஸால் ஒவ்வொரு 1 மில்லிவோல்ட்டுக்கும் ஒரு நெளிவு தோன்றும். அளவெடுக்கும் இடைவெளி அகலமாக இருந்தால் அதே நெளிவு மெதுவான அலைபோல மாறுவேடமிட்டு வரும். நான், மின்னழுத்தத்தை ஒப்பிட உதவும் மேற்கோள் மின்வாயின் நுண்துளை முனை அடைத்துக்கொண்டதாக எண்ணி, அதை மாற்றி மாற்றிப் பார்த்துச் சில நாட்களை வீணாக்கினேன். (அந்தச் சந்தேகமும் நியாயமானதே, அடைத்த முனையும், அதில் சிக்கிய காற்றுக் குமிழும் இதே தொல்லையைத் தரும்.)

சொந்தப் பெட்டியில் இந்த அரிப்பு வராது என்று சொல்ல மாட்டேன். அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் அடிக்கடி கவனிக்கவும் வேண்டியிருக்கிறது. ஆனால் மூடியையும் உடலையும் இணைப்பது வெள்ளீயம் பூசிய செம்புப் பின்னலும் இரண்டு திருகுகளும்தான். மாதம் ஒருமுறை மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து, தடை 1 ஓமைத் தாண்டினால் உப்புத்தாளால் தேய்த்துத் திருகை இறுக்கிவிடுகிறேன். பத்து நிமிட வேலை. ஆயத்த ஸ்டாண்டிலோ கதவையே கழற்ற வேண்டும், தேய்ந்த தொடர்புப் பட்டைக்கு மாற்று தேட வேண்டும்.

தகடு அலுமினியமாக இருப்பதில் இன்னொரு வசதி உண்டு. காந்தக் கலக்கியைப் பெட்டிக்கு வெளியே, அடியில் வைத்தாலும் உள்ளே கலக்கித் துண்டு சுழல்கிறது. மோட்டாரின் மின்புல இரைச்சல் கூண்டுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. சாதாரண இரும்புத் தகடாக இருந்தால் அது காந்தப்புலத்தைத் தன் வழியே திருப்பிவிடும். கலக்கியின் உடலும் பெட்டியும் தொடாதபடி நடுவில் ரப்பர் விரிப்பு வைத்து, பெட்டியைப் பொட்டென்ஷியோஸ்டாட்டின் (செல்லின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தி மின்னோட்டத்தை அளக்கும் கருவியின்) தரை முனையுடன் மட்டும் இணைக்கிறேன். இரண்டு இடங்களில் எர்த் கொடுத்தால் அந்த வளையமே புதிய இரைச்சலைக் கொண்டுவரும்.

இவையெல்லாம் மில்லிமீட்டர் அளவு வட்ட மின்வாய்களிலும் மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டத்திலும் கிடைத்த அனுபவம். பிகோ ஆம்பியரை அளக்கும் நுண்மின்வாய்களோடு நான் வேலை செய்ததில்லை. அங்கே மூடியின் சிறு இடுக்கும் கம்பி நுழையும் துளையும்கூடக் கணக்கில் வரும் என்பதால், என் தேர்வை அங்கே அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.