நிலவறையில் வைக்க கூஸா, க்ரீக்கா?

நாலு வருடத்துக்கு முன்னால் பிரசெல்ஸில் குடிபோன வீட்டோடு கீழே ஒரு சின்ன நிலவறையும் கிடைத்தது. ஜன்னல் கிடையாது, கோடையிலும் சில்லென்று இருக்கும். லாம்பிக் என்ற பெல்ஜியப் புளிப்பு பீரை வாங்கிப் பதுக்க இதைவிட நல்ல சாக்கு வேண்டுமா? அதன் இரண்டு வகைகளில் ஆறு பாட்டில் அவுட கூஸ், ஆறு பாட்டில் அவுட க்ரீக் என்று சரிபாதியாக வாங்கி அடுக்கினேன். இன்றைக்கு அதே காசைக் கையில் கொடுத்தால் பத்து கூஸ், ரெண்டு க்ரீக் என்றுதான் வாங்குவேன்.

இரண்டுக்கும் அடிப்படை லாம்பிக்தான். முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையோடு (மால்ட்) மூன்றில் ஒரு பங்கு போல முளைகட்டாத கோதுமையும் சேர்த்து, வாசம் போன பழைய ஹாப்ஸ் பூக்களைப் போட்டுக் கொதிக்கவைத்து, அகலமான ஆழமில்லாத தொட்டியில் ஊற்றி ராத்திரி முழுக்கத் திறந்தே ஆறவிடுவார்கள். குளிர்மாதங்களில் மட்டுமே இந்த வேலை. ஈஸ்ட்டை யாரும் கலப்பதில்லை. நம்மூர்க் கள்ளையும் இட்லி மாவையும் போலத் தானாகப் புளிக்கட்டும் என்று விடுவதுதான். ஆனால் மாவு ஒரு ராத்திரியில் புளித்துவிடும், இது ஓக் பீப்பாயில் வருடக்கணக்கில் கிடக்கும். ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் கிடந்த லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் மறுபடி புளிக்கவிட்டால் கூஸ். லாம்பிக்கில் புளிப்பு செர்ரியை மாதக்கணக்கில் ஊறவைத்தால் க்ரீக்.

லேபிளில் 'அவுட' என்ற சொல்லைப் பார்த்து வாங்குங்கள். பழைய என்று அர்த்தம். அவுட கூஸ் என்று போட வேண்டுமென்றால் கலவையில் மூன்று வருட லாம்பிக் கொஞ்சமாவது இருந்தாக வேண்டும். இந்தச் சொல் இல்லாத க்ரீக்குகளில் பெரும்பாலும் இனிப்பு சேர்த்திருக்கும். வெயிலுக்கு ஜில்லென்று குடிக்கலாம், பதுக்க லாயக்கில்லை.

வாங்கின அன்றே குடிப்பதென்றால் க்ரீக்தான் முந்தும், அதை மறைக்க மாட்டேன். நிறமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. செர்ரியின் துவர்ப்பும் புளிப்பும் சேர்ந்து வரும்போது பீர் பிடிக்காதவர்கள்கூட இன்னொரு வாய் கேட்பார்கள். புதுக் கூஸ் அப்படியில்லை. எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், ஈர வைக்கோல், அப்புறம் குதிரை லாய வாசம் என்று சொல்கிறார்களே, அதுவும் வரும். என் மனைவி முதல் வாய் குடித்துவிட்டு, "இது கெட்டுப்போச்சா, இல்ல இதுதானா?" என்று கேட்டாள்.

ஆனால் காலம் போகப்போக கதை தலைகீழாகிவிடுகிறது, என் முடிவுக்கே காரணம் அதுதான். க்ரீக்கில் போட்ட செர்ரியின் சர்க்கரையை பீப்பாயில் இருக்கும்போதே ஈஸ்ட் தின்று தீர்த்துவிடும். பாட்டிலுக்கு வரும்போது மிஞ்சுவது வாசமும் நிறமும்தான், அது இரண்டுமே மங்கக்கூடியவை, வேறெங்கிருந்தும் திரும்ப வரப்போவதும் இல்லை. என் க்ரீக் முதல் வருடம் முழுக்க அட்டகாசமாக இருந்தது, இரண்டாம் வருடம் சிவப்பு லேசாகச் செங்கல் நிறத்துக்குத் திரும்பியது, நாலாம் வருடம் திறந்ததில் பழம் போய் கொட்டையிலிருந்து வரும் பாதாம் வாசம் மட்டும் மெல்லிசாக நின்றது. மோசம் என்று சொல்ல மாட்டேன், நல்ல புளித்த லாம்பிக்தான். ஆனால் செர்ரிக்குக் கூடுதலாகக் கொடுத்த காசு எங்கே போனது?

கூஸில் நடப்பது வேறு. கலந்த இளம் லாம்பிக்கில் மிச்சமிருக்கும் சர்க்கரையை பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட் பாட்டிலுக்குள்ளேயே மெதுவாகத் தின்றுகொண்டு புதுப்புது வாசங்களை உண்டாக்குகிறது. அதன் ஒரு இனத்துக்கு பிரசெல்ஸ் பேரையே வைத்திருக்கிறார்கள், ப்ருக்ஸெலென்சிஸ் என்று. நான் வைத்தது எல்லாம் லெம்பேக் ஊரின் பூன் ஆலையுடையது, இங்கே சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கும். முதல் பாட்டிலில் முகத்தைச் சுளிக்கவைத்த புளிப்பு நாலாம் வருடம் உருண்டு திரண்டு வந்திருந்தது. நுரை பொடியாக, வைக்கோல் வாசத்துக்கு அடியில் தேன் மாதிரி ஏதோ ஒன்று. அதே மனைவி கேள்வி கேட்காமல் கிளாஸை நீட்டினாள்.

பாட்டிலுக்கு வெளிச்சம் ஆகாது. இருட்டும், 10 முதல் 15 டிகிரி வரை ஏறி இறங்காத குளிர்ச்சியும் போதும். கார்க் காயாமலிருக்கப் படுக்கவைத்தேன், ஊற்றுமுன் மட்டும் ஒரு நாள் நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடியில் தங்கிவிடும். அப்படியும் ஒரு க்ரீக்கில் கார்க் கசிந்து பாதி வீணாகிவிட்டது. கார்க்கின் தலையெழுத்து, அதை க்ரீக்கின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

நாலு வருடத்துக்கு மேல் எனக்கு அனுபவம் இல்லை. என் க்ரீக் எல்லாம் ஒரே தயாரிப்பாளருடையது, செர்ரி அதிகம் போட்ட இன்னொருவருடையது இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கலாம். 37.5 சென்டிலிட்டர் சின்ன பாட்டிலில் க்ரீக் கிடைத்தால் அதை வாங்கி அந்த வருடமே முடித்துவிடுங்கள்.

என்னிடம் இன்னும் ஒரு க்ரீக் இருக்கிறது, இந்தச் சனிக்கிழமை திறக்கிறேன். கூஸ் இரண்டு மிச்சம். ஒன்றின் கழுத்தில் 2030 என்று சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன், மற்றதில் எழுத மனைவி விடவில்லை.