பிக் டென்: ரசிகனாகக் கொடுப்பது 5க்கு 3

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைப் புதிதாகப் பார்ப்பவர்கள் முதலில் குழம்புவது இந்த 'கான்ஃபரன்ஸ்' என்ற சொல்லில்தான். மாநாடு இல்லை, பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் லீக். பிக் டென் அப்படிப்பட்ட ஒன்று. அட்டவணை போடுவது, நடுவர்களை ஏற்பாடு செய்வது, டிவி ஒப்பந்தம் பேசி வரும் பணத்தை உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது எல்லாம் அதன் வேலை.

போட்டிகளின் தரத்தில் பிக் டென்னைக் குறை சொல்ல முடியாது. 2007லேயே சொந்தமாக டிவி சேனல் தொடங்கியதால் அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து மட்டுமில்லாமல் மல்யுத்தம், வாலிபால்கூடப் பார்க்கக் கிடைக்கிறது, இது பெரிய விஷயம்.

எனக்கு மனம் ஒப்பாதது நிர்வாகம்தான். 1896ல் 7 பல்கலைக்கழகங்களோடு தொடங்கியபோது, பாடம் நடத்தும் பேராசிரியர்களின் கட்டுப்பாட்டில் விளையாட்டு இருக்க வேண்டும் என்பதே நோக்கம். இன்று அன்றாட வேலையை லீகின் தலைமை நிர்வாகியான கமிஷனர் பார்க்கிறார், பெரிய முடிவுகளைப் பல்கலைக்கழகத் தலைவர்கள் எடுக்கிறார்கள். சரி, அந்தத் தலைவர்கள்தானே 2024ல் மேற்குக் கரையின் 4 பல்கலைக்கழகங்களையும் சேர்த்து உறுப்பினர் எண்ணிக்கையை 18 ஆக்கினார்கள்? லாஸ் ஏஞ்சல்ஸில் படிக்கும் ஒரு வாலிபால் வீராங்கனை கிழக்குக் கரையில் உள்ள நியூ ஜெர்சி வரை போய் விளையாடிவிட்டு, 3 மணி நேர வித்தியாசத்தோடு திரும்பி வகுப்பில் உட்கார வேண்டும். டிவி பணம் கால்பந்துக்காக வருகிறது, அலைச்சல் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து வருகிறது.

இன்னொரு கான்ஃபரன்ஸான ஐவி லீகைப் பாருங்கள். 8 பல்கலைக்கழகங்கள், எல்லாம் வடகிழக்கில், விளையாட்டுக்கான உதவித்தொகையே கிடையாது. ஆட்டத்தில் அந்த வேகம் இருக்காதுதான், ஆனால் மாணவர் முதலில் மாணவராக இருக்க முடிகிறது. பிக் டென் கால்பந்து தவிர மற்ற விளையாட்டுகளுக்காவது மேற்கு, கிழக்கு என்று தனி அட்டவணை போட்டால் இன்னொரு நட்சத்திரம் சந்தோஷமாகக் கொடுப்பேன்.